தொழில்முறை கிளாரினெட்: மாடல் பெயரைப் பார்க்கும் முன் உள்துளையைப் பாருங்கள்

கிளாரினெட்டில் இடது கட்டைவிரலுக்கு மேலே இருக்கும் ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் ச-விலிருந்து மேல் ச வராது. மேல் ஸ்தாயி ப வரும். புல்லாங்குழலும் சாக்ஸபோனும் நாகஸ்வரமும் ஒரே விரலில் எட்டு ஸ்வரம் ஏறும். கிளாரினெட் பன்னிரண்டு ஏறும். ஒரு முனை மூடிய, நேரான உருளைக் குழாய் அப்படித்தான் நடந்துகொள்ளும். தொழில்முறை மாடல்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த ஒரு இடத்தில் அடங்கியிருக்கிறது: அடி ஸ்வரத்துக்கும் அதன் பன்னிரண்டாவதுக்கும் நடுவே சுருதி எவ்வளவு சரியாக நிற்கிறது, அதை நிற்க வைக்க உள்துளையை, அதாவது குழாயின் உட்குடைவை, எப்படிக் கடைந்திருக்கிறார்கள் என்பதில். வெள்ளி முலாம், பெட்டியின் தோல், உலோக வளையத்தின் வடிவம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சிக்கல் எங்கே வருகிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். ரெஜிஸ்டர் துளை ஒன்றே ஒன்று. கருவியின் மிகத் தாழ்ந்த ஸ்வரமான அடி ஈ வாசிக்கும்போது அந்தத் துளை இருக்க வேண்டிய இடம் கிட்டத்தட்ட குழாயின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், ரீடிலிருந்து (ஊதும் முனையில் அதிரும் நாணல் தகட்டிலிருந்து) சுமார் 19 செ.மீ. கட்டைவிரல் எஃப் வாசிக்கும்போது அது 9 செ.மீ. சொச்சத்தில் இருக்க வேண்டும். ஒரே துளை இரண்டு இடத்தில் இருக்க முடியாது. நடுவே எங்கோ வைத்து, சின்னதாகவும் துளைத்துவிடுகிறார்கள். போதாததற்கு, த்ரோட் (கீழ் ரெஜிஸ்டரின் மேல்கோடி) பி-ஃப்ளாட் ஸ்வரமும் அதே துளை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். எந்த விலை கிளாரினெட்டிலும் அந்த ஒரு ஸ்வரம் மூக்கடைத்தது போல் ஒலிப்பதற்குக் காரணம் இதுதான். துளை சரியான இடத்திலிருந்து விலகும் இரு கோடிகளிலும் மேல் ஸ்வரம் சுருதி ஏறுகிறது. அடி ஈ-யைச் சரியாக வைத்தால் அதற்கு மேலே வரும் பி கூடுதலாக நிற்கும். பி-யைச் சரிசெய்தால் ஈ இறங்கிவிடும். ஒவ்வொரு கம்பெனியும் இந்தச் சண்டையில் யாருக்கு விட்டுக்கொடுக்கிறது என்பதே அந்த மாடலின் குணம்.

ஆர்13

பாரிஸில் 1825-இல் தொடங்கி, இன்று மாந்த்-லா-வீல் என்ற ஊரில் இயங்கும் பூஃபே க்ராம்போன் நிறுவனத்தில் ராபர்ட் காரே 1950-களில் வடிவமைத்தது ஆர்13. உலகத்தில் அதிகம் பேர் வாசிக்கும் தொழில்முறை கிளாரினெட்டும் இதுவே, மற்ற மாடல்களை அளக்கும் கோலும் இதுவே. இதன் மேல் ஜாயின்ட்டின் (கருவியின் மேல் துண்டின்) உள்துளை ஒரே அளவில் இல்லை. மேலே சற்று அகலம், கீழே வர வரப் படிப்படியாகக் குறுகி, சுமார் 14.6 மி.மீ. அளவில் நிலைக்கும். படிக்கட்டுபோல அடுக்கிய பல உருளைகள். மேல் பகுதியில் பன்னிரண்டாவதுகள் விரிந்துபோவதை இந்தப் படிகள் இழுத்துப் பிடிக்கின்றன. குரலிலும் ஒரு மணி போன்ற கூர்மை வருகிறது. பெரிய அரங்கில் கடைசி வரிசை வரை அந்த மணி கேட்கும்.

விட்டுக்கொடுத்தது கீழ்க்கோடியில். ஆர்13-இல் அடி ஈ, அடி எஃப் இரண்டும் இறங்கியே நிற்கும், அதிலும் மெதுவாக ஊதாமல் அழுத்தி ஊதும்போது இன்னும் இறங்கும். பழகியவர்கள் உதட்டால் ஏற்றிக்கொள்வார்கள். நீண்ட அடி எஃப் வரும் இடத்தில், பக்கத்தில் செலோ அதே ஸ்வரத்தைப் பிடித்திருந்தால் ஒளிக்க முடியாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆர்13 என்று பெயர் எழுதிய நான்கு பீஸ்களை வரிசையாக வைத்து வாசித்தால் நான்கும் ஒன்றுபோல் இருக்காது. விரல் துளைகளின் அடிப்பக்கத்தை உள்ளே அகலப்படுத்தும் வேலையிலும், மரத்தின் அடர்த்தியிலும், பேட் (துளையை மூடும் மெத்தை) உட்காரும் விதத்திலும் சிறு மாற்றம் போதும். ஒரு நல்ல ஆர்13-க்கும் சுமாரான ஆர்13-க்கும் உள்ள தூரம், சில சமயம் ஆர்13-க்கும் அடுத்த மாடலுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். இணையத்தில் ஒற்றை பீஸை ஆர்டர் செய்து வாங்குவதை அதனால்தான் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

அதே வீட்டின் மற்றப் பிள்ளைகள்

ஆர்சி மாடலின் பெயரே ராபர்ட் காரேயின் முதலெழுத்துகள். உள்துளை வேறு, குரல் ஆர்13-ஐவிட உருண்டையாக, ஓரம் மழுங்கி வரும். ஐரோப்பாவில் இதற்கு ரசிகர்கள் அதிகம், அமெரிக்காவில் ஆர்13-க்கு. கீழ் ஸ்வரங்களின் சுருதியில் ஆர்சி கொஞ்சம் நேர்மையாக இருக்கும். சேம்பர் இசையும் சின்ன அரங்கமும் உங்கள் வேலை என்றால் முதலில் இதை எடுத்துப் பாருங்கள்.

ஃபெஸ்டிவல், ஆர்13-இன் அடிப்படையிலிருந்தே குரலைக் கொஞ்சம் கருமையாக்கிய மாடல். டோஸ்கா 2000-களில் வந்தது. உள்துளையைப் புதிதாக வரைந்து, அடி எஃப்-ஐ ஏற்றித்தரும் திருத்தக் கீ ஒன்றையும், இடது சுண்டுவிரலுக்கு ஏ-ஃப்ளாட்/ஈ-ஃப்ளாட் லீவரையும் சேர்த்தார்கள். அடி எஃப் திருத்தக் கீ கேட்கும்போது ஆடம்பரமாகத் தோன்றும். இறங்கி நிற்கும் அந்த ஒரு ஸ்வரத்துக்காகவே டோஸ்காவுக்குப் போகிறவர்கள் உண்டு, அவர்கள் செய்வதில் நியாயம் இருக்கிறது. பதிலுக்குக் கையில் எடை கூடும், சரிபார்க்க வேண்டிய இடங்களும் கூடும். ட்ரடிஷன் வேறு வழியில் போகிறது: ஆர்13-க்கு முந்தைய பிசி20 மாடலின் நேர் உருளைத் துளையிலிருந்து பிறந்தது. காற்று தடையில்லாமல் போகும், ஆனால் சுருதியைக் கையில் வைத்திருப்பது வாசிப்பவரின் பொறுப்பு அதிகமாகிறது.

க்ரீன்லைன் என்று எழுதியிருந்தால் அது மாடல் அல்ல, பொருள். கடையும்போது உதிரும் க்ரெனடில்லா மரத்தூளையே பெருமளவு எடுத்து, கார்பன் இழையும் பிசினும் சேர்த்து அழுத்திச் செய்தது. வெயிலுக்கும் ஏசிக்கும் வெடிக்காது. அதன் பலவீனம் டெனன், அதாவது ஒரு ஜாயின்ட் அடுத்ததற்குள் நுழையும் முனை. கீழே விழுந்தாலோ, பூட்டும்போது கோணலாக நெம்பினாலோ நடு டெனன் முறியக்கூடும். மரம் விரிசல் விட்டால் ஒட்டி, வளையம் போட்டுப் பல வருஷம் ஓட்டலாம். முறிந்த டெனனுக்கு வேலை பெரிது.

யமஹா, செல்மர், பாக்கன்

யமஹாவின் பெரிய பலம் பீஸுக்குப் பீஸ் ஒரே மாதிரி இருப்பது. கஸ்டம் வரிசையில் சிஎஸ்விஆர் தெளிவாக, ஒருமுனைப்பட்டு ஒலிக்கும். எஸ்இவிஆர் அதைவிட நிறைந்த குரல். மூன்றுக்கும் நடுவே தனியாக நிற்பது சிஎஸ்ஜி. விரல் அமைப்பு பிரெஞ்சு போம் முறை, குரல் ஜெர்மன் பக்கம் சாய்ந்தது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் பேரல், அதாவது மவுத்பீஸுக்கும் மேல் ஜாயின்ட்டுக்கும் நடுவே வரும் சின்னத் துண்டு: வழக்கத்தைவிடக் குட்டை, மேல் ஜாயின்ட் அதற்கேற்ப நீளம். ஆகவே மற்ற கிளாரினெட்டுக்கு வாங்கி வைத்த 65, 66 மி.மீ. பேரல்களை இதில் மாட்டினால் மொத்தக் கருவியும் சுருதி இறங்கும். பேரல் மாற்றிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

பாரிஸின் செல்மரில் ரிசைட்டல் மாடல் தடித்த சுவரும் குறுகிய துளையும் கொண்டது. கையில் எடுத்தவுடன் பருமன் தெரியும். சின்னக் கை உள்ளவர்கள் விரல் நீட்டிப் பார்த்து முடிவு செய்யட்டும். கனடாவின் பாக்கன், பேரலிலும் பெல்லிலும் (அடிமுனைப் புனலிலும்) பெயர் வாங்கி, பிறகு முழுக் கருவிக்கு வந்தது. அதன் மோபா மாடலின் பெயர், ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவின் ரிக்கார்டோ மொராலெஸ், மோரி பாக்கன் இருவர் பெயரையும் சேர்த்தது. க்ரெனடில்லாவில் ஒன்று, சிவந்த கோகோபோலோவில் ஒன்று என்று இரண்டையும் ஒரே இடத்தில் வாசிக்கக் கிடைத்தால் வாசித்துப் பாருங்கள். அருகில் நிற்பவருக்குக் கேட்கும் வித்தியாசத்தைவிட வாசிப்பவருக்குத் தெரியும் வித்தியாசம் அதிகம்.

பெரிய துளை, ஜெர்மன் முறை

பழைய கருவி தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்தின் பூஸி அண்ட் ஹாக்ஸ் 1010 மாடல், சுமார் 15.2 மி.மீ. நேர்த்துளை. இங்கிலாந்தின் கிளாரினெட் கலைஞர் ஜாக் பிரைமர் வாசித்தது இது. அகன்ற, தாராளமான குரல். இன்றும் சிலருக்கு அதைவிட்டால் வேறு பிடிக்காது. இப்போது தயாரிப்பில் இல்லை, பழையது மட்டுமே கிடைக்கும். இதற்கென்று பெரிய துளை மவுத்பீஸ் தனியாக உண்டு. இன்றைய சாதாரண மவுத்பீஸை மாட்டினால் மேல் ரெஜிஸ்டர் ஒழுங்காக நிற்காது, குற்றம் கருவிமேல் விழும். மவுத்பீஸ் இல்லாமல் 1010 விலைக்கு வந்தால் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஜெர்மன் ஆர்க்கெஸ்ட்ராக்களில் பெரும்பாலும் போம் முறை இல்லை, ஓலர் முறை என்ற வேறு விரலமைப்பு. ஹெர்பர்ட் வூர்லிட்ஸர் பட்டறையின் கருவிகள் அங்கே பெயர் பெற்றவை. மவுத்பீஸ் ஒடுக்கம், ரீட் ஒடுக்கம், ரீடைப் பல பேர் இன்றும் நூலால்தான் சுற்றிக் கட்டுகிறார்கள். விரல்கள் வேறு, மவுத்பீஸை மாற்றிப் போட முடியாது, ரீட் பொருந்தாது. பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கில் இடம் தேடுகிறவர் கற்றுத்தான் ஆக வேண்டும். மற்றவர்கள் அந்தக் குரலுக்காக மட்டும் மாறுவதற்கு முன், ஜெர்மன் துளையும் போம் விரலும் சேர்ந்த ரிஃபார்ம் போம் என்ற நடுவழி இருப்பதைத் தெரிந்துகொள்ளலாம். நெதர்லாந்தில் அதற்கு ஒரு மரபே உண்டு.

எப்படிச் சோதிப்பது

உங்கள் மவுத்பீஸ், உங்கள் லிகச்சர் (ரீடைப் பிடிக்கும் பட்டை), பழகிய ரீட் மூன்று. கடையில் கொடுக்கும் மவுத்பீஸில் சோதித்தால் நீங்கள் சோதிப்பது அந்த மவுத்பீஸைத்தான். வான்டோரன் 13 சீரீஸ் மவுத்பீஸ்கள் ஏ=440-க்கு (ஏ ஸ்வரம் வினாடிக்கு 440 அதிர்வு) சுருதி செய்தவை, அதே நிறுவனத்தின் மற்றவை கொஞ்சம் மேலே நிற்கும். பி45-இன் முனைத் திறப்பு 1.195 மி.மீ., எம்30-இல் 1.15, பிடி5-இல் 1.13. இந்த மெல்லிய இடைவெளி கருவியின் தடையையே மாற்றிக் காட்டும். ரீடும் அப்படியே: வி12 ரீடின் அடித்தடிமன் 3.15 மி.மீ., வான்டோரன் ட்ரடிஷனலில் 2.8. ஆகவே ஒரு மவுத்பீஸ், ஒரு வகை ரீட், எல்லாக் கருவிக்கும் அதுவே.

பத்து நிமிஷம் வாசித்துச் சூடாக்குங்கள். பிறகு ட்யூனரை நண்பர் கையில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஊதினால் உதடு தானாகத் திருத்திவிடும், கருவியின் உண்மை வெளிவராது. முதலில் திறந்த ஜி-யைச் சரிசெய்து, பின் ஜோடி ஜோடியாக: ஈ–பி, எஃப்–சி, ஜி–டி, ஏ–ஈ, பி-ஃப்ளாட்–எஃப், சி–ஜி, டி–ஏ, ஈ–பி, எஃப்–சி. அடி ஸ்வரத்தை நடுத்தர ஒலியில் பிடித்து, வாயை அசைக்காமல் ரெஜிஸ்டர் கீயை மட்டும் அழுத்துங்கள். நண்பர் இரண்டு எண்ணையும் குறிக்கட்டும். நடு ஜோடிகள் 10 சென்ட்டுக்குள் (அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இருந்தால் நல்ல கருவி. முதல் இரண்டு ஜோடி 15 வரை பொறுக்கலாம். 20 தாண்டினால் அடுத்த பீஸை எடுங்கள். அதன் பிறகு த்ரோட் ஜி, ஜி-ஷார்ப், ஏ. இவை சுருதி ஏறும் வழக்கமுள்ளவை. வலது கை விரல்களை மூடினால் இறங்குகிறதா, பி-ஃப்ளாட் கொஞ்சம் திறக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வரிசையில் அடி ஈ அடைத்தோ நடு பி கீச்சிட்டோ வந்தால் உடனே கருவியை ஒதுக்காதீர்கள். வலது சுண்டுவிரலின் ஈ கீ, கீழ் ஜாயின்ட்டில் இரண்டு பெரிய பேடுகளை ஒன்றாக மூட வேண்டும். இரண்டையும் இணைக்கும் காக்கைக்கால் போன்ற சிறு தகடு ஒரு மயிரிழை வளைந்திருந்தால் ஒன்று முந்தும், மற்றது கசியும். சிகரெட் தாளை மெல்லிய பட்டையாக வெட்டி, ஒவ்வொரு பேடின் அடியிலும் வைத்து, கீயை லேசாக அழுத்தி இழுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே இறுக்கத்தில் பிடிக்க வேண்டும். ரிப்பேர்காரர் ஐந்து நிமிஷத்தில் சரிசெய்யும் குறை இது. இதற்காக ஒரு நல்ல கருவி கைவிட்டுப் போகக் கூடாது. கசிவுக்கு இன்னொரு சோதனை: மேல் ஜாயின்ட்டின் துளைகளை விரலால் மூடி, அடிமுனையை உள்ளங்கையால் அடைத்து, மேலே வாய் வைத்து உறிஞ்சுங்கள். மூன்று நான்கு வினாடி உறிஞ்சல் பிடித்து நின்று, வாயை எடுக்கும்போது ‘பட்’டென்று விட வேண்டும்.

பேரலும் 442-ம்

பேரலை ஒரு மி.மீ. இழுத்தால் எல்லா ஸ்வரமும் ஒரே அளவு இறங்காது. திறந்த ஜி-க்கு ஒலிக்கும் குழாய் நீளம் கால் மீட்டரை ஒட்டியது, அதில் ஒரு மி.மீ. சுமார் 7 சென்ட். அடி ஈ-க்கு நீளம் 58 செ.மீ. போல, அதே ஒரு மி.மீ. அங்கே 3 சென்ட்தான். 442-க்குச் செய்த கருவியை 440-இல் வாசிக்க மொத்தமாக 8 சென்ட் இறக்க வேண்டும். பேரலை மட்டும் இழுத்தால் த்ரோட் நோட்டுகள் இறங்கிவிடும், கீழ் ஸ்வரங்கள் மேலேயே நிற்கும். பாதியைப் பேரலிலும் பாதியை நடு ஜாயின்ட்டிலும் இழுக்க வேண்டும். ஆர்13 இரண்டு சுருதியிலும் விற்கப்படுகிறது. கீபோர்டு, மின் தம்புரா, ரெக்கார்டிங் எல்லாம் 440-இல் இருக்கும் இடத்தில் வேலை என்றால் 440 பீஸையே கேட்டு வாங்குவது உத்தமம்.

கர்நாடக இசைக்கு

ஏ.கே.சி. நடராஜன் போன்றவர்கள் கிளாரினெட்டில் ராக ஆலாபனையை நிறுவிக் காட்டிய பிறகு, கமகத்துக்கு எந்த மாடல் என்ற கேள்வி நியாயமானது. மேலே சொன்ன கருவிகள் எதுவும் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. போம் முறையில் விரல் துளையைச் சுற்றியிருக்கும் வளையம் வேறொரு பேடோடு இணைந்தது. விரலை மெல்ல உருட்டித் துளையைப் பாதி திறக்கும்போது வளையம் எழும்பி, அந்தப் பேடும் திறந்துகொள்ளும். வழுக்க வேண்டிய இடத்தில் சுருதி தாவும். வளையங்கள் குறைந்த பழைய ஆல்பர்ட் முறைக் கருவியில் இந்தத் தொல்லை குறைவு. கமகமே உயிர் என்கிறவர், ஆர்13 வாங்கும் பணத்தில் நல்ல நிலையிலுள்ள ஆல்பர்ட் ஒன்றைப் புதுப்பித்து வைத்துக்கொள்வது மேல் என்பதே என் தீர்மானம்.

மரமும் ஈரமும்

க்ரெனடில்லா, தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் வளரும் டால்பெர்ஜியா மெலனாக்ஸிலான். நீரில் மூழ்கும் அளவு அடர்த்தி. வெடிப்பு பெரும்பாலும் மேல் ஜாயின்ட்டில், ட்ரில் கீ துளைகளின் பக்கத்தில்தான் தொடங்கும். மூச்சின் சூடும் ஈரமும் உள்பக்கத்தை விரிக்கும், வெளிப்பக்கம் ஏசியில் உலர்ந்து சுருங்கிக் கிடக்கும். இழுபடும் வெளித்தோல் கிழிகிறது. புதுக் கருவியை முதல் வாரம் நாளைக்கு 15 நிமிஷம், பிறகு வாரத்துக்குப் பத்துப் பத்து நிமிஷமாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் துணி இழுத்து, டெனன் குழிகளையும் தனியாகத் துடையுங்கள். ஈரம் தங்குவது அங்கேதான். கூடத்துக்குள் நுழைந்தவுடன் ஊதாமல், மேல் ஜாயின்ட்டைக் கையிடுக்கில் வைத்துச் சூடேற்றுங்கள்.

கடலோர ஊரில் வெள்ளி முலாம் சீக்கிரம் கறுக்கும், வியர்வை அதிகமுள்ள கைக்கு நிக்கல் நீடிக்கும், ஆனால் வழுக்கும். மழைக்காலத்தில் மரம் ஊறி டெனன் இறுகினால் திருகி நுழைக்கப் பார்க்காதீர்கள். இரண்டு ஜாயின்ட்டையும் இணைக்கும் பாலக் கீதான் முதலில் வளையும், அப்புறம் ஈ-ஃப்ளாட்/பி-ஃப்ளாட் விரல் ஒன்று சரியாக மூடாது, காரணமும் பிடிபடாது. தக்கையில் கிரீஸ் போட்டும் இறுகினால், மரம் மரத்தோடு உரசுகிறது என்று அர்த்தம்; ரிப்பேர்காரரிடம் அரை மி.மீ.க்கும் குறைவாகச் சீவித்தரச் சொல்லுங்கள். கோடையில் பேரலின் உலோக வளையம் தானாகச் சுழன்றால் மரம் உலர்ந்துவிட்டது என்று பொருள். அந்த வளையம் இறுகும்வரை பெட்டிக்குள் ஈரப்பத உறை ஒன்றை வைத்து, சில நாள் வாசிக்காமல் விடுங்கள்.